ஐந்து ஓட்டவீரரும் ஒரு முழங்காலும்

ஆவணி மாதம் பிறந்துவிட்டால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாகாணங்களிலே ஊருக்கு ஊர் ஒரே பேச்சுத்தான். சவரக்கடையிலும், தேவாலய முற்றத்திலும், காரியாலயத்திலும், சாப்பாட்டு மேசையிலும் மக்கள் கூடிப் பேசுவது சர்வகலாசாலைகளின் உதைபந்தாட்டத்தைப் பற்றியே. பருவம் தொடங்க இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கும். ஒரு பந்தயமேனும் நடந்திராது. ஆயினும் எந்தக் கோஷ்டி வெல்லும், எந்த வீரன் தேறுவான், எவன் சென்ற ஆண்டின் காயத்திலிருந்து பூரணமாக எழுந்திருப்பான் என்றெல்லாம் கணக்குப் பார்ப்பதிற் பெரியவரும் சிறியவரும் ஒன்றாகிவிடுவர். பத்திரிகைகளும் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய ஆட்டக்காரரைத் தனித்தனியே எடைபோட்டுப் பத்தி பத்தியாக எழுதும்.

அவ்வாறு எடைபோடப்படுவோருள் மக்களின் கண் முதலிற் செல்வது, பந்தைக் கையிலேந்தி எதிரிகளின் கூட்டத்தினூடே ஓடுகின்ற வீரர்மீதுதான். 2017ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன் ஜோர்ஜியா சர்வகலாசாலையில் அத்தகையோர் ஐவர் இருந்தனர். அவ்வைவரையும் அன்று எவ்வாறு மதிப்பிட்டிருக்க வேண்டும், அம்மதிப்பீட்டில் எது பலித்தது, எது பொய்த்தது என்பதை இன்று ஆறுதலாக இருந்து பார்ப்பது பயனுள்ளது. விளையாட்டில் விருப்பமில்லாத வாசகருக்கும் இதிலே சிந்திக்க விஷயம் உண்டு. ஏனெனில் இது ஓட்டத்தைப் பற்றிய கதை மாத்திரமன்று. இருபது வயது இளைஞன் ஒருவன் தன் உடலைப் பணயம் வைக்கத் துணிந்த கதையுமாகும்.

ஆட்டத்தின் இயல்பு

உதைபந்தாட்டம் என்று பெயர் பெற்றிருப்பினும், அமெரிக்கர் ஆடும் இவ்வாட்டத்திற் பந்தைக் காலால் உதைப்பது அரிது. நம் நாட்டில் றக்பி ஆட்டத்தைக் கண்டவர்களுக்கு இதன் சாயல் எளிதில் விளங்கும். இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஒவ்வொரு பக்கத்திலும் பதினொருவர் நிற்பர். மைதானத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு தடவைகள் கொடுக்கப்படும். அந்த நான்கு தடவைக்குள் பத்து யார் தூரமேனும் முன்னேறிவிட்டால், மீண்டும் நான்கு தடவைகள் கிடைக்கும். முன்னேறாவிடின் பந்து எதிர்ப்பக்கத்தாரிடம் போய்ச் சேரும். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் ஆறு புள்ளிகள்.

முன்னேறுவதற்கு வழி இரண்டு. பந்தைத் தூர எறிந்து மற்றொருவர் பிடிப்பது ஒன்று. ஒருவர் கையிற் கொடுத்து ஓடச் செய்வது மற்றொன்று. அவ்வாறு ஓடுபவரையே ஆங்கிலத்தில் றன்னிங் பாக் என்பர். நாம் ஓட்டவீரர் என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டவீரருக்குக் கால்வேகம் மாத்திரம் போதாது. முன்னாலே முந்நூறு இறாத்தல் நிறையுள்ள மனிதர் பத்துப்பேர் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நிற்கையில், எந்த இடைவெளி எந்தக் கணத்தில் திறக்கும் என்று கண்டறியும் பார்வை வேண்டும். இடைவெளி திறவாதபோது, மோதி ஓரிரு யாராவது பெறும் உடற்பலம் வேண்டும். பந்தை இறுகப் பற்றும் கை வேண்டும். தவறி விழுந்த பந்தை எதிரி எடுத்தால் அது அவனுக்கே சொந்தம். தம்மிடம் பந்து இல்லாத வேளையிலே, பந்தை எறிபவரைத் தாக்க ஓடிவரும் எதிரியின் குறுக்கே விழுந்து மறிக்கும் மனமும் வேண்டும். இவையெல்லாம் இருந்தாலும், ஒவ்வொரு தடவையும் தம்மைப் பலர் சேர்ந்து நிலத்தில் வீழ்த்துவர் என்பதை அறிந்தே அவர் ஓட வேண்டும். ஆதலால் ஓட்டவீரரை மதிப்பிடுவோர், அவருடைய திறமையோடு அவருடைய எலும்பையும் மூட்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டியவராகின்றனர்.

ஓட்டவீரருக்குப் பேர்போன சாலை

ஜோர்ஜியா சர்வகலாசாலை 1785ஆம் ஆண்டிற் சாசனம் பெற்றது. கிரேக்க தேசத்துப் பழம்பெரும் நகரின் பெயரையே தாங்கிய அதென்ஸ் என்னும் ஊரில் அது இருக்கின்றது. அங்குள்ள சான்போர்ட் மைதானத்தில் 90,000 பேருக்கு மேல் அமர்ந்து பார்க்கலாம். அச்சாலையின் ஓட்டவீரருள் தலைசிறந்தவர் ஹேர்ஷல் வோக்கர். 1980 முதல் 1982 வரை மூன்றே பருவங்களில் அவர் 5,259 யார் ஓடினார். 1980இல் நாட்டின் முதன்மைப் பட்டமும் ஜோர்ஜியாவுக்குக் கிட்டியது. அதன்பின் வந்த ஓட்டவீரர் யாவரும் வோக்கர் என்ற அளவுகோலாலேயே அளக்கப்பட்டனர்.

2014ஆம் ஆண்டில் அங்கு முதன்மை ஓட்டவீரராக விளங்கியவர் ரொட் கேர்லி. தம் கையொப்பமிட்ட பொருள்களுக்குப் பணம் பெற்றார் என்ற குற்றத்துக்காக, அவ்வாண்டு அவருக்கு நான்கு பந்தயங்கள் தடை விதிக்கப்பட்டது. சர்வகலாசாலை வீரர் தம் பெயரால் ஒரு சதமும் சம்பாதிக்கலாகாது என்பது அந்நாளைய விதி. தடை நீங்கி மீண்டு வந்த முதற் பந்தயத்திலேயே அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது.

கேர்லி விலக்கப்பட்டபோது அவரிடத்துக்கு வந்தவர் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர். மிசூரி கோஷ்டிக்கு எதிராக அவர் முதன்முதலாகத் தொடக்க வீரராக இறங்கியபோது, 38 தடவை பந்தேந்தி 143 யார் ஓடினார். அவர் பெயர் நிக் சப்.

நிக் சப்பும் சோனி மிஷேலும்

சப், ஜோர்ஜியா மாகாணத்துச் சீடர்டவுண் என்னும் சிற்றூரிற் பிறந்து வளர்ந்தவர். அவ்வூருக்கு அண்மையில் சப்டவுண் என ஓர் இடம் உண்டு. 1860களிற் சப் என்ற கறுப்பினக் குடும்பத்துச் சகோதரர்கள் தம் சொந்த முயற்சியால் அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. அச்சகோதரரின் வழித்தோன்றலே நிக் சப். ஐந்தடி பத்து அங்குல உயரமும் 220 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையும் உடையவர். பேச்சோ மிகக் குறைவு. புள்ளி எடுத்த பின் ஆடிப்பாடிக் கொண்டாடுவது அவர் வழக்கமன்று; பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தம் இடத்துக்கு நடந்து போவார்.

அவருடன் அதே ஆண்டு சேர்ந்தவர் சோனி மிஷேல். தாய் தந்தையர் ஹெயிற்றி நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். தென் புளோரிடாவில் வளர்ந்த மிஷேல், சப்பைவிட இலேசாக ஓடுபவர். பந்தை எட்டிப் பிடிப்பதிலும் வல்லவர். சப் சுவரை இடித்துக்கொண்டு போவாராயின், மிஷேல் சுவருக்கும் கதவுக்கும் இடையே நழுவிப் போவார் எனலாம். ஒரே இடத்துக்குப் போட்டியிட்ட இருவரும், ஒருவர்மேலொருவர் பொறாமை கொள்ளாது உற்ற நண்பராயினர்.

முதற் பருவத்திற் சப் 1,547 யார் ஓடினார். ஒரு தடவைக்குச் சராசரி 7.1 யார். நான்கு யாருக்குமேற் சராசரி இருந்தாலே நல்ல ஓட்டவீரர் என்று பாராட்டப்படும் ஆட்டத்தில் இஃது அரிய சாதனையாகும். தொடர்ந்து 13 பந்தயங்களில் நூறு யாருக்குக் குறையாது ஓடி, வோக்கரின் சாதனைக்குச் சமமாக நின்றார்.

நொக்ஸ்வில்லில் நேர்ந்தது

2015 ஒக்டோபர் 10ஆம் திகதி. தெனெசி மாகாணத்து நொக்ஸ்வில் நகரிற் பந்தயம். அதே மைதானத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2013இல், கீத் மார்ஷல் என்ற ஜோர்ஜியா ஓட்டவீரர் முழங்கால் தசைநார் அறுந்து வீழ்ந்திருந்தார். இம்முறை ஜோர்ஜியா பந்தை எடுத்த முதலாவது ஆட்டத்திலேயே சப் எல்லைக் கோட்டோரம் வீழ்த்தப்பட்டார். அவருடைய இடது முழங்கால் மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியது. முழங்காலைக் கட்டி நிறுத்தும் தசைநார்களுள் ஒன்றைத் தவிர ஏனைய முக்கியமானவை சேதமுற்றன. நடுவே முன்புறமுள்ள தசைநார் மாத்திரம் தப்பியது.

மறுநாள் முதல் மிஷேல் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு அவர் 219 தடவை ஓடி 1,161 யார் பெற்றார். சப்போ சத்திரசிகிச்சைக்குப் பின் நடக்கவும் மீண்டும் பழக வேண்டியவரானார். பதினொரு மாதங்கூட நிறையவில்லை. 2016 செப்டெம்பர் 3ஆம் திகதி, பருவத்தின் முதற் பந்தயத்தில் வட கரோலினாக் கோஷ்டிக்கு எதிராக மைதானத்தில் இறங்கினார். 32 தடவை ஓடி 222 யார் பெற்றார். அன்று மிஷேல் ஆடவில்லை. கோடை விடுமுறையில் நாற்சில்லு மோட்டார் வண்டி விபத்தொன்றில் அவருக்கு முன்கை எலும்பு முறிந்திருந்தது.

அப்பந்தயத்தைக் கண்டவர் யாவரும் பழைய சப் வந்துவிட்டார் என்றனர். ஆனால் பருவம் நீள நீள அம்மகிழ்ச்சி குறைந்தது. ஆண்டு முடிவில் அவர் ஓடிய தூரம் 1,130 யார், சராசரி 5.0. மிஷேல் 840 யார் ஓடினார். கேர்பி ஸ்மார்ட் தலைமைப் பயிற்றுநராகப் பொறுப்பேற்ற முதலாண்டு அது. கோஷ்டி எட்டு வெற்றியும் ஐந்து தோல்வியும் கண்டது. வண்டர்பில்ட் கோஷ்டிக்கு எதிரான பந்தயத்தின் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு யார் தேவைப்பட்டது. அப்பொழுது பந்து சப்பின் கைக்கு வரவில்லை. உருவிற் சிறிய வேறொரு வீரருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் மறிக்கப்பட்டார், பந்தயம் 17க்கு 16 என்று கைவிட்டுப் போயிற்று. சப்பின் பலத்திற் பயிற்றுநருக்கே ஐயம் வந்துவிட்டதோ என்று ஊரார் முணுமுணுத்தனர்.

டிசெம்பரிற் செய்த முடிவு

தொழின்முறை ஆட்டத்தின் விதிப்படி, உயர்தரப் பாடசாலையை விட்டு மூன்றாண்டு சென்றவர் தொழின்முறைக் கோஷ்டிகளிற் சேரலாம். சேர்ந்தால் இலட்சக்கணக்கான டொலர் ஊதியம். அந்நாளிற் சர்வகலாசாலையில் இருந்தாலோ புலமைப்பரிசிலும் உண்டியுறையுளும் அவற்றோடு ஒட்டிய சில உதவிகளுமே. ஓட்டவீரருடைய காலமும் மிகக் குறுகியது. முப்பது வயதுக்கு முன்னே பெரும்பாலோர் ஓய்ந்துவிடுவர். ஒருமுறை முறிந்த முழங்கால் மறுமுறையும் முறியாது என்பதற்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது.

2016 டிசெம்பரில் இப்பிரச்சினை நாடெங்கும் பேசப்பட்டது. லூசியானா மாகாணச் சர்வகலாசாலையின் லெனர்ட் போர்னெற்றும், ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையின் கிறிஸ்டியன் மக்கவ்றியும், ஆண்டிறுதிப் பந்தயத்திலும் ஆடாமல் விலகித் தொழின்முறைத் தேர்வுக்கு ஆயத்தமாகப் போவதாக அறிவித்தனர். இருவரும் நாட்டின் முன்னணி ஓட்டவீரர்கள். அவர்களைச் சுயநலமிகள் என்று ஏசியவர் உண்டு. உடலை விற்றுப் பிழைக்க வேண்டியவன் அவ்வுடலைக் காப்பது நியாயமே என்று வாதித்தவரும் உண்டு. அடுத்த ஆண்டுத் தேர்வில் அவர்கள் முறையே 4ஆம், 8ஆம் இடங்களில் எடுக்கப்பட்டனர்.

அதே வாரத்தில், டிசெம்பர் 15ஆம் திகதி, சப்பும் மிஷேலும் இன்னுமோர் ஆண்டு ஜோர்ஜியாவிலே இருக்கப் போவதாக அறிவித்தனர். காவற்பக்கத்தில் ஆடிய லொரென்சோ காட்டர், டேவின் பெலமி என்போரும் அன்றே அவ்வாறு கூறினர். ஒருவர் போயிருந்தால் மற்றவரும் போயிருக்கக்கூடும். ஒருவர் தங்கியதால் மற்றவரும் தங்கினார் என்பதே பொருத்தம்.

அன்றைய மதிப்பீடு

இனி, 2017 ஆவணியில் நின்று அவ்வைவரையும் நோக்குவோம்.

முதலாமவர் சப். அவரைப் பற்றிய கேள்வி ஒன்றே: 7.1ஆக இருந்த சராசரி 5.0ஆக வீழ்ந்தது முழங்காலாலா, முன்வரிசையாலா? எண்களை மாத்திரம் பார்ப்பவர் முழங்காலையே குற்றஞ்சாட்டுவர். ஆனால் 2016இல் அவருக்கு வழிதிறந்து கொடுக்க வேண்டிய முன்வரிசை நலிந்திருந்தது. பந்தை எறிபவரும் அனுபவமற்ற முதலாம் ஆண்டு மாணவர். எறிவுக்கு அஞ்சாத எதிரிகள் அனைவரும் ஓட்டத்தை மறிக்கவே திரண்டனர். பந்து கைக்கு வந்த கணத்திலேயே எதிரியும் வந்து நின்றால், எந்த முழங்காலால் என்ன செய்ய முடியும்?

இரண்டாமவர் மிஷேல். திறமையில் ஐயமில்லை. முழுப்பாரத்தையும் தனியே சுமந்த 2015இல் அவர் சராசரி 5.3தான். பாரம் குறைந்த 2016இல் அது 5.5 ஆயிற்று. பந்தைத் தவறவிடும் குறை அவரிடம் இடைக்கிடை தென்பட்டது.

மூன்றாமவர் டிஆன்ட்றே ஸ்விப்ட். பிலடெல்பியா நகரிலிருந்து புதிதாக வந்த முதலாம் ஆண்டு மாணவர். பாடசாலையில் ஈட்டிய புகழ் பெரிது. சர்வகலாசாலை மட்டத்தில் ஒரு யாரும் ஓடியவரல்லர். நான்காமவர் பிறையன் ஹெரியன். 2016இற் புதியவராக வந்து 363 யார் ஓடி நம்பிக்கையூட்டியவர். ஐந்தாமவர் இலாயிஜா ஹொலிபீல்ட். உலகக் குத்துச்சண்டை வீரராக விளங்கிய இவாண்டர் ஹொலிபீல்டின் மைந்தர். மைக் டைசன் 1997இற் காதைக் கடித்தாரே, அந்த ஹொலிபீல்ட்தான். தந்தையின் பெயர் பெரிதாயினும், மைந்தருக்கு அதுவரை பந்தேந்த வாய்த்த தடவைகள் மிகச் சிலவே.

ஐவருள் எவர் சிறந்தவர் என்பதே ஊர்ப்பேச்சு. அந்தக் கேள்வியே அத்துணைப் பயனற்றது என்பதைப் பின்னர் பருவம் காட்டியது. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: பாரத்தை ஐவருக்கும் எவ்வாறு பங்கிடுவது? அவர்களுக்கு முன்னே நின்று வழிதிறப்போர் யாவர்?

பருவம் காட்டிய உண்மை

செப்டெம்பர் 2ஆம் திகதி நடந்த முதற் பந்தயத்திலேயே, பந்தை எறியும் ஜேக்கப் ஈசன் முழங்காற் காயமுற்று வெளியேறினார். ஜேக் புறொம் என்னும் முதலாம் ஆண்டு மாணவர் அவரிடத்துக்கு வந்தார். அடுத்த வாரம் நொட்டடேம் சென்று 20க்கு 19 என்று வென்றனர். எறிபவர் புதியவராயினமையால், கோஷ்டியின் பாரமெல்லாம் ஓட்டவீரர்மேல் விழுந்தது.

இவ்விடத்தில் முன்வரிசையின் பெருமை புலப்பட்டது. இடது கோடிக்கு மாற்றப்பட்ட ஐசாயா வின் அவ்விடத்தைத் தமக்கென்றே பிறந்தவர் போலக் காத்தார். வலது கோடியில் அன்றூ தொமஸ் என்ற முதலாம் ஆண்டு மாணவர் நின்றார். அவர் 2020ஆம் ஆண்டுத் தொழின்முறைத் தேர்வில் நாட்டில் நான்காமவராக எடுக்கப்பட்டவர். 2017 ஆவணியில் ஓட்டவீரரைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர்கள், இவ்விருவரைப் பற்றி இரண்டு வரியேனும் கூட்டி எழுதியிருந்தால் அவர்கள் கணிப்பு இன்னும் செம்மைப்பட்டிருக்கும். தேரில் இருப்பவரைப் பார்ப்பவர், அச்சாணியைப் பார்க்க மறந்துவிடுவர்.

ஓட்டவீரரின் பயிற்றுநர் டெல் மெக்கீ பந்தைப் பங்கிட்டுக் கொடுத்தார். சப் களைக்குமுன் மிஷேல் வருவார். இருவரும் எதிரியைத் தளர்த்திய பின் ஸ்விப்ட் புதுக்காலுடன் வருவார். பருவ முடிவில் 15 பந்தயங்களிற் சப் 223 தடவை ஓடி 1,345 யார் பெற்றார்; சராசரி மீண்டும் 6.0 ஆயிற்று. மிஷேல் 156 தடவையில் 1,227 யார், சராசரி 7.9. ஸ்விப்ட் 81 தடவையில் 618 யார், சராசரி 7.6.

இவ்வெண்களை வாசகர் சற்று நின்று நோக்க வேண்டும். 2015இல் மிஷேல் 219 தடவை ஓடிப் பெற்ற தூரத்தைவிட, 2017இல் 156 தடவை ஓடிப் பெற்ற தூரமே அதிகம். சுமை குறைந்தபோது பயன் பெருகிற்று. சப்பின் சராசரி வீழ்ந்தது முழங்காலால் மாத்திரமன்று என்பதும் துலாம்பரமாயிற்று. அதே கால், அதே மனிதர், முன்வரிசையும் துணையும் மாறியதும் ஒரு யார் கூடிற்று.

எல்லா நாளும் வெற்றி நாளாக அமையவில்லை. நவம்பரில் ஓபேர்ண் சென்று 40க்கு 17 என்று தோற்றனர். அன்று ஓட்டமெல்லாம் மறிக்கப்பட்டது. ஆனால் மூன்றே வாரத்தில் பிராந்திய முதன்மைப் பந்தயத்தில் அதே ஓபேர்ணை 28க்கு 7 என்று வீழ்த்தினர். 2005க்குப் பின் ஜோர்ஜியாவுக்கு அப்பட்டம் கிடைத்தது அன்றுதான். அப்பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் 64 யார் தூரம் ஒரே மூச்சில் ஓடிப் புள்ளியெடுத்தவர் ஸ்விப்ட்.

றோஸ் போல் பந்தயம்

2018 ஜனவரி முதலாம் திகதி, கலிபோர்ணியாவின் பசடேனா நகரில் ஒக்லஹோமாக் கோஷ்டியை எதிர்த்தனர். இடைவேளையின்போது ஜோர்ஜியா 17, ஒக்லஹோமா 31. இடைவேளைக்குப் பின் சப் 50 யார் ஓடினார். மிஷேல் 38 யார் ஓடினார். கணக்கு 31க்கு 31 எனச் சமமாயிற்று.

யானைக்கும் அடிசறுக்கும். ஆட்டம் முடிய ஏழு நிமிடமளவில் இருக்கையில் மிஷேலின் கையிலிருந்து பந்து நழுவியது. எதிரி அதை எடுத்து 46 யார் ஓடிப் புள்ளியெடுத்தான். ஒக்லஹோமா 45, ஜோர்ஜியா 38. அவரைத் தெரிந்துகொண்டு மீண்டும் பந்தைக் கொடுப்பதா என்று அரங்கில் இருந்தோர் எண்ணியிருப்பர்.

கடைசி நிமிடத்திற் சப் இரண்டு யார் தூரத்தை இடித்துக் கடந்து கணக்கைச் சமமாக்கினார். மேலதிக ஆட்டம் தொடங்கியது. றோஸ் போல் வரலாற்றில் மேலதிக ஆட்டம் நடந்தது அதுவே முதன்முறை. இரண்டாம் மேலதிக ஆட்டத்தில் ஒக்லஹோமா உதைத்த பந்தைத் துள்ளியெழுந்து தடுத்தவர் லொரென்சோ காட்டர். 2016 டிசெம்பர் 15ஆம் திகதி சப்புடனும் மிஷேலுடனும் தங்கியிருக்க உடன்பட்ட அதே காட்டர்தான். அடுத்துப் பந்து மிஷேலின் கைக்கே வந்தது. 27 யார் ஓடி எல்லையைக் கடந்தார். 54க்கு 48 என்று ஜோர்ஜியா வென்றது. அன்று மிஷேல் 11 தடவையில் 181 யாரும், சப் 14 தடவையில் 145 யாரும் ஓடியிருந்தனர்.

ஒரு வாரத்தின் பின் அட்லாண்டாவில் நடந்த நாட்டின் முதன்மைப் பந்தயத்தில், மேலதிக ஆட்டத்தில் 26க்கு 23 என்று அலபாமாவிடம் தோற்றனர். கிடைத்ததோ பிராந்தியப் பட்டமும் றோஸ் போலும். தங்கியிருந்து எதை நாடினார்களோ அது ஒரு கைப்பிடித் தூரத்தில் தவறிப் போயிற்று.

பின்னர் நடந்தவை

நான்கு ஆண்டிற் சப் ஓடிய தூரம் 4,769 யார். ஜோர்ஜியாவில் வோக்கருக்கு அடுத்த இடம். மைலில் எண்ணினால் இரண்டே முக்கால் மைலும் நிறையாது. அச்சிறு தூரத்தைக் கடக்க அவர் 758 தடவை பந்தேந்தினார். ஏறக்குறைய அத்தனை தடவையும் வீழ்த்தப்பட்டார். ஓட்டவீரரின் வாழ்வைச் சுருக்கிச் சொல்வதற்கு இவ்விரண்டு எண்களே போதும்.

2018ஆம் ஆண்டுத் தேர்வில் மிஷேல் 31ஆம் இடத்திலும், சப் 35ஆம் இடத்திலும் எடுக்கப்பட்டனர். மிஷேல் முதலாண்டிலேயே, 2019 பெப்ருவரியில், தொழின்முறையாளரின் உச்சப் பந்தயமான சுப்பர் போலில் ஆடினார். அதில் எடுக்கப்பட்ட ஒரே எல்லைப் புள்ளி அவருடையது. அப்பந்தயம் நடந்த இடம் ஜோர்ஜியாவின் தலைநகரான அட்லாண்டா. தோற்ற பக்கத்தில், முழங்கால் தளர்ந்த நிலையில் நின்றவர் ரொட் கேர்லி. கேர்லி 2020க்குப் பின் ஆடவில்லை. மிஷேல் 2023இல், 28ஆம் வயதிலேயே ஓய்வு பெற்றார்.

இலாயிஜா ஹொலிபீல்ட் 2018இல் 1,018 யார் ஓடித் தம்மை நிலைநாட்டினார். ஆயினும் தேர்வுக்கு முன் நடக்கும் 40 யார் ஓட்டப் பரீட்சையில் 4.78 வினாடி எடுத்தமையால் எவரும் அவரைத் தெரிவுசெய்யவில்லை. ஸ்விப்ட் 2020இல் தொழின்முறையிற் சேர்ந்து, 2023இல் தம் சொந்த நகரான பிலடெல்பியாவின் கோஷ்டிக்காக 1,049 யார் ஓடினார்.

சப், கிளீவ்லண்ட் கோஷ்டியிற் சேர்ந்து 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டும் ஆயிரம் யாருக்கு மேல் ஓடினார். 2023 செப்டெம்பர் 18ஆம் திகதி பிற்ஸ்பர்க் நகரில் அதே இடது முழங்கால் மீண்டும் சிதைந்தது. தொலைக்காட்சியார் அக்காட்சியை மறுபடி காட்டாமலே விட்டனர். இருமுறை சத்திரசிகிச்சை நடந்தது. 2024 ஒக்டோபரில் மீண்டும் மைதானத்தில் இறங்கினார். டிசெம்பரிற் பாத எலும்பு முறிந்தது. 2025இல் ஹியூஸ்டன் கோஷ்டியிற் சேர்ந்து திரும்பவும் ஓடினார்.

விதிகளும் மாறிவிட்டன. 2021 ஜூலை முதல் சர்வகலாசாலை வீரர் தம் பெயராலும் உருவாலும் பணம் ஈட்டலாம். 2025 முதல் சர்வகலாசாலைகளே தம் விளையாட்டு வருவாயில் ஒரு பங்கை வீரருக்கு நேரே கொடுக்கலாம். கேர்லி எக்காரியத்துக்காக நான்கு பந்தயங்களை இழந்தாரோ, அதை இன்று பத்தொன்பது வயதினர் பகிரங்கமாகச் செய்கின்றனர். இதனாற் பணம் புகுந்து விளையாட்டுக் கெட்டது என்று வருந்துவோர் உளர். ஆனால் 90,000 பேர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தில், முழங்காலைக் கொடுத்தவனுக்கு மாத்திரம் காசு இல்லை என்ற பழைய ஏற்பாட்டை நியாயமென்று சொல்வது கடினம்.

சப்பும் மிஷேலும் தங்கியது நன்மையில் முடிந்ததால், தங்குவதே அறம் என்று எவரும் விதி வகுக்கலாகாது. போர்னெற்றும் மக்கவ்றியும் போனதும் தவறன்று. அவரவர் உடல்; அவரவர் தீர்ப்பு. பார்ப்போரான நமக்கு உரியது வேறொன்று. ஆவணிதோறும் எண்களை வைத்து வீரரை நிறுக்கும்போது, ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்ற முதுமொழியை மாத்திரம் நினைந்தாற் போதாது. நிறுக்கப்படுவது சரக்கன்று, தாய் ஒருத்தி பெற்ற பிள்ளை என்பதையும் நினைதல் வேண்டும். அங்ஙனம் நினைப்பவருக்கு, 7.1 என்ற எண் 5.0 ஆகும்போது கேலி தோன்றாது. முறிந்த காலுடன் மறுபடியும் எழுந்து ஓடியவன் பெற்ற ஒவ்வொரு யாரும் அவருக்குப் பெரிதாகவே தோன்றும்.